கல்லின் நிறம் தெரியும், வட்டத்துக்குள் இருந்தால்

போன வாரம் எங்கள் சிடி ஸ்கேன் மெஷினின் இரண்டு எக்ஸ்ரே டியூபில் ஒன்று போய்விட்டது. மூன்று நாள் கதவைச் சாத்தி வைத்திருந்த நேரம் பார்த்து, புதிதாக ஸ்கேன் சென்டர் போடப்போகும் நண்பன் போன் செய்து, "டூயல் எனர்ஜி வாங்கலாமாடா, இல்ல சாதா மெஷினே போதுமா?" என்று கேட்டான். அன்றைக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. இப்போது டியூப் மாற்றியாகிவிட்டது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஐந்து வருடமாக இதில்தான் வேலை. சாதா சிடியில் கால்சியமும் வெள்ளை, ஊசியில் ஏற்றிய அயோடினும் வெள்ளை, கிட்னியில் கிடக்கும் ஏறக்குறைய எந்தக் கல்லும் வெள்ளை. எங்கள் டூயல் எனர்ஜியில் 80 கேவி, 140 கேவி (கிலோவோல்ட்) என்று எக்ஸ்ரேயின் இரண்டு வலுவில் பார்க்கும்போது, கால்சியம் கல்லின் வெளிச்ச எண் 80-இல் பளிச்சென்று ஏறிவிடும். யூரிக் ஆசிட் கல்லில் இருப்பதெல்லாம் கார்பன், நைட்ரஜன் மாதிரி லேசான சரக்கு, அதன் எண் பெரிதாக அசையாது. சாஃப்ட்வேர் முன்னதற்கு நீலமும் பின்னதற்குச் சிவப்பும் அடித்துக் கொடுக்கும். இந்த யோசனை சிடியைக் கண்டுபிடித்த ஹவுன்ஸ்ஃபீல்டின் 1973 கட்டுரையிலேயே இருக்கிறது, 100 கேவி, 140 கேவி என்று.

முதன்முதலில் சிவப்பாக ஒரு கல்லைப் பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது, 9 மி.மீ. டாக்டர் சிறுநீரின் புளிப்பைக் குறைக்கிற மருந்து மட்டும் கொடுத்தார். சில மாதம் கழித்து அதே ஆள் வந்து படுத்தபோது அந்த இடத்தில் கல்லே இல்லை. லேசரும் இல்லை, கத்தியும் இல்லை. கான்ட்ராஸ்ட், அதாவது அந்த அயோடின் ஊசி, போட்டு எடுத்த பிறகு கிட்னியில் 45 ஹெச்யூ (அந்த வெளிச்ச எண்ணின் அலகு) காட்டும் ஒரு உருண்டை நின்றால், அது ரத்தம் தேங்கிய நீர்க்கட்டியா, அயோடினை உறிஞ்சும் கட்டியா என்று அயோடினை மட்டும் பிரித்துக் காட்டும் அயோடின் மேப்பிலேயே பார்த்துக்கொள்ளலாம், ஆளைத் திரும்பக் கூப்பிட வேண்டாம்.

சரி, இப்போது என் வயிற்றெரிச்சல்.

எங்கள் மெஷினில் ஒவ்வொரு டியூபுக்கும் எதிரே எக்ஸ்ரேயை வாங்கும் ஒரு டிடெக்டர் உண்டு. இரண்டாவது டிடெக்டருக்கு கேன்ட்ரிக்குள் (ஆள் உள்ளே போகும் அந்த வளையம்) இடம் பத்தாது, அதனால் அது சின்னது. படம் 50 செ.மீ. அகலத்துக்கு வரும், ஆனால் நிறம் பிரிப்பதெல்லாம் நடுவில் 33 செ.மீ. வட்டத்துக்குள் மட்டும்தான். ஒல்லியான ஆளுக்கு அது ஏராளம். ஆனால் யூரிக் ஆசிட் கல் யாருக்கு அதிகம் வரும்? உடம்பு பருத்தவர்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும். அதாவது இந்த வசதி யாருக்கு ரொம்பத் தேவையோ, அவர்கள் கிட்னிதான் வட்டத்தின் விளிம்பில் போய் உட்காரும்! ஒரு பக்கமாக நகர்த்திப் படுக்கவைத்தால் வலது உள்ளே வரும், இடது வெளியே போகும். "தம்பி, இன்னும் எவ்வளவுதான் நகர்றது, கீழ விழுந்துருவேன்" என்று போன மாதம் ஒரு பெரியவர் கேட்டார், நியாயம்தான். இத்தனைக்கும் அவர் கல் பாதி சிவப்பு, பாதி சாம்பல் என்று வந்தது. அது சிவப்புதானா என்று ரேடியாலஜிஸ்ட் என்னிடம் கேட்கிறார்.

கௌட் என்கிற கீல்வாதத்துக்குக் காலை ஸ்கேன் எடுத்தால், யூரேட் (யூரிக் ஆசிட் உப்பு) என்று நகத்தடியில் பச்சை காட்டும், அங்கே யூரேட்டே இருக்காது. அதைக்கூட மன்னித்துவிடலாம், நகம் என்று பழகியவனுக்குத் தெரியும். வட்டத்தைத்தான் மன்னிக்க முடியவில்லை. ஒரே டியூப் வைத்து டிடெக்டரை இரண்டு அடுக்காகப் போடும் மெஷினில் இந்தத் தொல்லை கிடையாது என்று நண்பனிடம் சொன்னேன், அவன் விலையைக் கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றினான்.

கடைசியில் அவனுக்குச் சொன்னது இதுதான்: சாதா மெஷின் வாங்கு, மிச்சக் காசில் நல்ல யுபிஎஸ்ஸும் ஏசியும் போடு. கல் என்ன ஜாதி என்று சந்தேகம் வந்தால் ஆளை இங்கே அனுப்பிவை. ஒல்லியாக இருந்தால் மட்டும்.