தங்கமீன் ஜோடி வாங்கும் முன் வெள்ளைப் புள்ளி எங்கே இருக்கிறதென்று பாருங்கள்

குஞ்சு எடுக்கலாம் என்று ஆசைப்பட்டு, சென்னையில் ஒரு வண்ணமீன் கடையில் போன மாதம் ஒராண்டா வகைத் தங்கமீன் ஜோடி வாங்கினேன். 1,800 ரூபாய். ஒன்றின் வாலிலும் முதுகிலும் பொடி உப்பைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். என்ன இது என்று கேட்டேன். "அதான் சார் ஆண் மீனுக்கு அடையாளம். ஒரு வாரத்துல முட்டை வந்துடும்" என்றார் கடைக்காரர்.

பாதி உண்மை கலந்திருப்பதால்தான் இந்தப் பொய் எடுபடுகிறது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தங்கமீனுக்கு வெள்ளைப் புள்ளி வரும். ஆனால் அது பெரும்பாலும் செவுள் மூடியிலும், மார்புத் துடுப்பின் முன் விளிம்பிலும்தான் வரும். மீனும் சுறுசுறுப்பாகப் பெண்ணைத் துரத்தும். வால், முதுகு என்று கண்டபடி சிதறிக் கிடந்தால் அது ஒட்டுண்ணியால் வரும் வெண்புள்ளி நோய்.

இரண்டொரு நாளில் மீன் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு தொட்டிச் சுவரில் உரச ஆரம்பித்தது. அப்புறம் இறந்தும் போனது. புது மீன்களைத் தனித் தொட்டியில் விட்டிருந்ததால் பழையவை தப்பின. கடைக்குப் போய்க் கேட்டால், "உங்க வீட்டுத் தண்ணி சரியில்ல" என்கிறார். அவர் தொட்டியில் மிச்சமிருந்த மீன்களின் வாலிலும் அதே புள்ளிகள்! பணமும் தரவில்லை, மாற்று மீனும் தரவில்லை.

இது போதாதென்று, கொளத்தூரில் மீன் வளர்க்கும் நண்பர் இரண்டையும் திருப்பிப் பார்த்துவிட்டு, இரண்டுமே பெண் என்றார். வளர்ந்த மீனில் பின்துவாரம் வெளியே துருத்தியிருந்தால் பெண், உள்ளடங்கியிருந்தால் ஆண். வாங்கும்போதே வலையில் எடுத்து அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். மீன் வளர்த்து விற்பவர்கள் தயங்காமல் காட்டுவார்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் மீனை உடனே தனியே பிரித்துவிடுங்கள். லிட்டருக்கு 3 கிராம் கல்லுப்பு என்ற அளவை ஒரே நேரத்தில் கொட்டாமல், ஓரிரு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுங்கள். ஏர் பம்ப் நிற்கவே கூடாது. தோலுக்கடியில் இருக்கும்வரை அந்த ஒட்டுண்ணியை மருந்து ஒன்றும் செய்யாது, வெளியேறித் தண்ணீரில் நீந்தும்போதுதான் சாகும். அதனால் புள்ளி மறைந்ததும் நிறுத்திவிடாமல் இன்னும் ஒரு வாரமாவது தொடருங்கள். எனக்கு மிஞ்சிய ஒரு மீன் இப்படித்தான் பிழைத்தது.