அமெரிக்க உள்நாட்டு விமானங்களின் ஃபர்ஸ்ட் கிளாஸ் சாப்பாடு: யாருடைய தட்டு நல்ல தட்டு?

அமெரிக்காவுக்குள் பறக்க ஃபர்ஸ்ட் கிளாஸ் டிக்கெட் எடுக்கிறவர்கள் முதலில் பார்ப்பது இருக்கையை. சாப்பாட்டு நினைப்பு வருவது விமானம் மேலே ஏறிய பிறகுதான். அதற்குள் நல்ல தட்டுகளை வேறு யாராவது முன்பதிவு செய்து முடித்திருப்பார்கள். அப்புறம் இருப்பதைச் சாப்பிட்டுவிட்டு, ‘விமானச் சாப்பாடே இப்படித்தான்’ என்று சலித்துக்கொள்கிறோம். ஆனால் எல்லா விமானச் சாப்பாடும் ஒன்றல்ல. ஒரே காசுக்கு ஒரு நிறுவனம் ரசித்துச் சாப்பிடக்கூடியதைத் தருகிறது, இன்னொன்று மென்று முடிக்கக்கூட முடியாததைத் தருகிறது. அலாஸ்கா, டெல்டா, ஜெட்புளூ, அமெரிக்கன், யுனைடெட் ஆகிய ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

பெரிய சமையல்காரர் பெயரை மெனுவில் போடுவதால் மட்டும் தட்டு ருசிப்பதில்லை. இந்தச் சாப்பாடு சமைக்கப்படுவது விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய கேட்டரிங் சமையற்கூடத்தில். பறப்பதற்குப் பல மணி நேரம் முன்பே சமைத்து, 5 டிகிரி அளவுக்குக் குளிர்வித்து, வண்டிகளில் அடுக்கி ஏற்றுகிறார்கள். மேலே போன பிறகு சூடான காற்றைச் சுழற்றும் அடுப்பில் வைத்துத் திரும்பச் சூடாக்குகிறார்கள். தீயும் கிடையாது, தாளிப்பும் கிடையாது. கேபின் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இருப்பதால் மூக்கு வறண்டு மணம் குறைகிறது. லுஃப்தான்சா விமான நிறுவனத்துக்காக ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் நிறுவனம் 2010-இல் செய்த ஆய்வு, பறக்கும் சூழலில் உப்புச் சுவை 20 முதல் 30 சதவீதம் வரை மங்கித் தெரிகிறது என்று சொன்னது. இனிப்பும் மங்குகிறது. 2015-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: இன்ஜின் இரைச்சலில் இனிப்பு குறைவாகவும், தக்காளி, காளான், பழுத்த சீஸ் போன்றவற்றில் இருக்கும் உமாமிச் சுவை கூடுதலாகவும் தெரிகிறது.

ஆக, சாறும் குழம்புமாக இருப்பது பிழைக்கும். வாட்டியதும் பொரித்ததும் சாகும். முந்தின நாள் வைத்த மீன் குழம்பு மறுநாள் கூடுதலாக ருசிப்பது நமக்குத் தெரியும். அதே கணக்குதான் இங்கேயும். மெதுவாக வேகவைத்த மாட்டு விலா இறைச்சி, தக்காளிச் சாறில் ஊறிய பாஸ்தா, தேங்காய்ப்பால் சேர்த்த கறி எல்லாம் அடுப்பில் இரண்டாம் முறை சூடானாலும் தாங்கும். கோழி நெஞ்சுக்கறித் துண்டு தாங்காது. அலுமினியத் தாளைப் பிரித்தால் மேலே வாட்டிய கோடுகள் அழகாகத் தெரியும். கத்தியை வைத்து அறுத்தால் உள்ளே நார் நாராகப் பிரிந்து வரும். சால்மன் மீனும் பெரும்பாலும் இந்தக் கதிதான். சூடாக்கவே தேவையில்லாத குளிர்ந்த தட்டு இருந்தால் அது எல்லாவற்றையும்விட பத்திரம். ஒரு மெனு நல்லதா கெட்டதா என்பதை நான் முதலில் எடைபோடுவது இதை வைத்துத்தான்.

அடுத்தது தூரம். ஃபர்ஸ்ட் கிளாஸ் என்றாலே சாப்பாடு உண்டு என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்கனும் டெல்டாவும் பொதுவாக 900 மைலைத் தாண்டினால்தான் முழுச் சாப்பாடு போடுகின்றன. ஹூஸ்டனிலிருந்து சிகாகோ 925 மைல், அதனால் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது. அட்லாண்டாவிலிருந்து நியூயார்க் சுமார் 760 மைல்தான். அங்கே கூடையில் சிப்ஸும் பிஸ்கட்டும் வரும், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். மாலை ஆறு மணிக்குக் கிளம்பும் விமானத்தில் காசு கொடுத்து முன்வரிசையில் உட்கார்ந்தவருக்கு அது போதாது. அலாஸ்கா இந்தக் கோட்டை 670 மைலில் போட்டிருக்கிறது. சின்ன வித்தியாசம் மாதிரி தெரிகிறது, ஆனால் சியாட்டிலிலிருந்து சான் பிரான்சிஸ்கோ சுமார் 680 மைல். மேற்குக் கடற்கரையில் அதிகம் பேர் போய்வரும் தடம் ஒன்று அப்படியே கோட்டுக்குள் வந்துவிடுகிறது. இரண்டு மணி நேரப் பயணத்துக்கும் சாப்பாடு போட வேண்டும் என்று ஒரு நிறுவனம் நினைப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அலாஸ்காவின் பழமும் சீஸும் வைத்த தட்டு அந்த நிறுவனத்தின் அடையாளம் போலவே ஆகிவிட்டது. பின்னால் இருக்கும் வகுப்பிலும் அதைக் காசுக்கு விற்கிறார்கள். அதில் வரும் பீச்சர்ஸ் சீஸ் சியாட்டிலின் பைக் பிளேஸ் சந்தையில், கண்ணாடிக்கு வெளியே நின்று எவரும் பார்க்கும்படி செய்யப்படுவது. திராட்சை, ஆப்பிள் துண்டுகள், மொறுமொறு பிஸ்கட், சாக்லேட். இதில் அடுப்புக்குப் போக வேண்டியது எதுவுமே இல்லை. பழுத்த சீஸில் உமாமி இருப்பதால், 35,000 அடியில் அது தரையில் இருப்பதைவிட நன்றாகவே இருக்கிறது. கொஞ்சம் நீண்ட தடங்களில் போர்ட்லாந்தின் சால்ட் அண்ட் ஸ்ட்ரா ஐஸ்கிரீம் சிறிய கிண்ணத்தில் வருகிறது. கல் மாதிரி உறைந்து வரும், பத்து நிமிடம் விட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும். 2023 முதல் காபி ஸ்டம்ப்டவுன் நிறுவனத்துடையது. விமானத்துக்கென்றே தனியாக ருசி பார்த்து வறுத்த கலவை அது. உள்நாட்டு விமானங்களில் நான் விரும்பிக் கேட்டு வாங்கிக் குடிக்கும் காபி இது ஒன்றுதான். சமீப ஆண்டுகளில் சான் பிரான்சிஸ்கோ–நியூயார்க் தடத்தில் மிஸ்டர் ஜியூஸ் உணவகத்தின் பிராண்டன் ஜியூவை வைத்து சீன-அமெரிக்கச் சமையலையும் கொண்டுவந்திருக்கிறார்கள். சோயா சாறு, நொதித்த பண்டங்கள், காளான் எல்லாம் மேலே போனாலும் மங்காத ருசிகள். சமையல் பாணியை யோசித்துத்தான் எடுத்திருக்கிறார்கள்.

டெல்டா போன வழி வேறு. 2024 டிசம்பர் 1 முதல் பாஸ்டனிலிருந்து கிளம்பும் 900 மைலுக்கு மேற்பட்ட விமானங்களில், ஃபர்ஸ்ட் கிளாஸில் ஷேக் ஷாக் என்ற பர்கர் கடைச் சங்கிலியின் சீஸ் பர்கரைத் தர ஆரம்பித்தது. பிறகு வேறு ஊர்களுக்கும் விரித்தது. கூடவே சீசர் சாலட், சிப்ஸ், சாக்லேட் பிரவுனி. கேட்டவுடன் ‘ஃபர்ஸ்ட் கிளாஸில் பர்கரா?’ என்று தோன்றலாம். நான் அதைச் சரியான முடிவு என்றே சொல்வேன். தக்காளி, லெட்யூஸ், சாஸ் மூன்றையும் தனியாகக் குளிர்ந்த நிலையில் கொடுத்துவிடுகிறார்கள். அடுப்புக்குள் போவது இறைச்சியும் சீஸும் பன்னும் மட்டும். ஷேக் ஷாக்கின் பன் உருளைக்கிழங்கு சேர்த்த மெத்தென்ற வகை, ஆவி பட்டால் கெட்டுப்போவதில்லை. ஃப்ரைஸை அந்த அடுப்பில் வைத்திருந்தால் ரப்பராகியிருக்கும். அதைத் தவிர்த்து சிப்ஸைக் கொடுத்ததிலேயே ஒரு சமையல்காரரின் அறிவு தெரிகிறது. ஷேக் ஷாக்கைத் தொடங்கிய டேனி மேயரின் யூனியன் ஸ்கொயர் குழுமம் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே டெல்டாவுக்கு நியூயார்க்கிலிருந்து மெனு போட்டுக் கொடுத்திருக்கிறது. இந்த ஏற்பாடு திடீர் விளம்பரமாக முளைத்ததல்ல. மாட்டிறைச்சி சாப்பிடாத நம்மவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை என்பது உண்மை. அவர்கள் டெல்டாவின் மற்ற தட்டுகளில் எதையாவது ஒரு நாள் முன்னதாகவே தேர்ந்தெடுத்துவிட வேண்டும்.

கரையிலிருந்து கரைக்கு, அதாவது நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸோ சான் பிரான்சிஸ்கோவோ போவதாக இருந்தால் என் ஓட்டு ஜெட்புளூவின் மின்ட் என்ற முன்வரிசை வகுப்புக்குத்தான். ஃபர்ஸ்ட் கிளாஸ் என்ற பெயர் அதற்கு இல்லை, ஆனால் போட்டி அந்த வகுப்போடுதான். 2014 ஜூனில் ஒருவழிக்கு 599 டாலரில் தொடங்கியபோது, அந்தத் தடத்தில் படுக்கை இருக்கைக்கு மற்றவர்கள் கேட்ட விலை எங்கேயோ இருந்தது. சாப்பாட்டில் அவர்கள் செய்தது எளிமையான மாற்றம்: ‘கோழியா, பாஸ்தாவா’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ஐந்து சிறு தட்டுகளைச் சொல்லி மூன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். இப்போது அந்த மெனுவை நியூயார்க்கில் சார்லி பேர்ட், பாஸ்குவாலே ஜோன்ஸ் உணவகங்களை நடத்தும் டெலிஷியஸ் ஹாஸ்பிடாலிட்டி குழுமம் அமைக்கிறது. தானியம் சேர்த்த சாலட், வறுத்த காய்கறி, பாஸ்தா என்று குளிர்ந்ததும் சூடானதும் கலந்து வரும். ஒரு தட்டு சொதப்பினாலும் மற்ற இரண்டு காப்பாற்றிவிடும். காய்கறித் தட்டுகள் மெனுவின் நடுவிலேயே இருப்பதால், சைவக்காரர் தனக்கென்று எதையும் கெஞ்சிக் கேட்க வேண்டிய நிலை பெரும்பாலும் வருவதில்லை. பெரிய துண்டு இறைச்சி எதிர்பார்க்கிறவருக்கு இது பசி அடக்காது, அதுதான் குறை.

அமெரிக்கனும் இதே தடத்தில் 2014-இல் பெரிய முயற்சி செய்தது. பத்தே பத்து ஃபர்ஸ்ட் இருக்கைகள், அதற்குப் பின்னால் தனி பிசினஸ் வகுப்பு என்று ஏ321 விமானங்களை ஓட்டியது. சாப்பாட்டுக்கு முன் சூடான முந்திரி, பாதாம். முடிந்ததும் கண்முன்னே சாஸ் ஊற்றித் தரும் ஐஸ்கிரீம். இப்போதும் அமெரிக்கனில் எனக்குப் பிடித்தது தொடக்கமும் முடிவும்தான். நடுவில் வரும் தட்டு அந்த அளவுக்கு இல்லை. அமெரிக்கனின் பெரிய பலம் முன்பதிவு. 30 நாள் முன்பிருந்தே ஆப்பில் தட்டைத் தேர்ந்தெடுக்கலாம், டெல்டாவில் ஏழு நாள் முன்புதான் திறக்கிறது. (விமானச் சமையலில் இன்றும் பெரிய பெயரான ஸ்கை ஷெஃப்ஸைத் தொடங்கியதும் அமெரிக்கன்தான், 1942-இல்.)

யுனைடெட்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இம்பாசிபிள் நிறுவனத்தின் சைவ இறைச்சி உருண்டைகள் போட்ட கிண்ணத்தை முதல் வகுப்பு மெனுவுக்குக் கொண்டுவந்தது நல்ல காரியம். தக்காளிச் சாறில் கிடப்பதால் சூடாக்கினாலும் கெடாது. மற்றபடி நெஞ்சில் நிற்கும் தட்டு எதுவும் இல்லை. ஐந்தில் கடைசி இடம் என் கணக்கில் இதற்குத்தான்.

1978-க்கு முன்னால் அமெரிக்காவில் உள்நாட்டுக் கட்டணத்தை அரசின் விமானப் போக்குவரத்து வாரியமே கட்டுப்படுத்தியது. விலையில் போட்டி போட முடியாத நிறுவனங்கள் தட்டில் போட்டி போட்டன. கட்டுப்பாடு போனதும் டிக்கெட் விலை குறைந்தது, கூடவே தட்டும் சுருங்கியது. டிக்கெட் விலை குறைந்ததால் நம்மைப் போன்றவர்கள் அதிகம் பறக்க முடிந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் ஃபர்ஸ்ட் கிளாஸுக்கென்று இன்றும் தனியாகக் காசு வாங்குகிறார்கள். அந்தக் காசுக்கு ஏற்ற சாப்பாட்டைக் கேட்கும் உரிமை பயணிக்கு இருக்கிறது.

மெனுவில் எழுதியிராத ஒன்று உண்டு: எந்த ஊரில் ஏற்றிய சாப்பாடு என்பது. பெரிய மையங்களிலிருந்து சின்ன ஊர்களுக்குப் போய்த் திரும்பும் விமானங்களில், திரும்பி வரும்போது கொடுக்க வேண்டிய சாப்பாட்டையும் கிளம்பும்போதே ஏற்றிவிடுவது வழக்கம். சின்ன ஊரில் ஏறுகிறவருக்குக் கிடைப்பது அவ்வளவு நேரம் கூடுதலாகக் காத்திருந்த தட்டு. அங்கே பாஸ்தாவின் ஓரம் காய்ந்து விறைத்திருக்கும், சாலட் இலை துவண்டிருக்கும். அதனால் டல்லாஸ், அட்லாண்டா, சியாட்டில் போன்ற ஊர்களில் கிளம்பும்போது சூடான தட்டை நம்பிக் கேட்கலாம். திரும்பும்போது குளிர்ந்த தட்டு இருந்தால் அதை எடுப்பதே மேல்.

சைவம் சாப்பிடுகிறவர்கள், முன்பதிவு வசதி இருக்கும் நிறுவனங்களில் அதை விடவே கூடாது. சைவத் தட்டுகளைக் கணக்குப் பார்த்து இரண்டு மூன்றுதான் ஏற்றுவார்கள். ஒருமுறை கடைசி வரிசையில் இருந்த எனக்கு, பணியாளர் குனிந்து “மன்னிக்கணும், சிக்கன் மட்டும்தான் மிச்சம்” என்றார். எந்த நிறுவனம் என்பது முக்கியமில்லை; அந்த நிலை பெரும்பாலானவற்றில் வரும். நாலு மணி நேரப் பயணத்தில் பன்னும் வெண்ணெயும் தின்று இறங்கினேன். முட்டையும் சேர்க்காதவர்களுக்குக் காலை விமானம் இன்னும் சிரமம், ஏனென்றால் அமெரிக்கக் காலைச் சாப்பாடு பெரும்பாலும் முட்டையைச் சுற்றியே இருக்கும். அவர்களுக்கு ஓட்ஸ் கஞ்சியோ பழத்தட்டோ இருக்கிறதா என்று ஆப்பில் பார்த்து வைப்பது நல்லது. இன்னும் கறாரானவர்கள் சீஸையும் கவனிக்க வேண்டும்: அசல் இத்தாலியப் பார்மிஜானோ சீஸைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைக் கொண்டுதான் உறைய வைக்கிறார்கள், ‘சைவ’ பாஸ்தாவின் மேலேயும் அது தூவப்பட்டிருக்கலாம்.

இரவு பத்து மணிக்கு மேல் மேற்கிலிருந்து கிழக்கே கிளம்பும் விமானங்களில் இந்த ஒப்பீட்டுக்கே பெரிய வேலை இல்லை. பல தடங்களில் முழுச் சாப்பாடு கிடையாது, இருந்தாலும் ஐந்து மணி நேரத் தூக்கத்தில் ஒரு மணி நேரத்தை அது தின்றுவிடும். லாஸ் ஏஞ்சல்ஸிலோ சியாட்டிலிலோ வெளியிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். தட்டை நம்பி டிக்கெட் எடுப்பதாக இருந்தால் பகல் விமானமாகப் பார்த்து எடுங்கள்.