ஓஆர்எஸ் பவுடர் பாக்கெட்: குழந்தை இருக்கற வீட்ல கண்டிப்பா வாங்கி வைங்க

மழைக்காலம்னா சளி காய்ச்சல், வெயில் ஏறுச்சுன்னா வாந்தி பேதி, சின்ன குழந்தை இருக்கற வீட்ல வருஷா வருஷம் இதுதான். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் சிரப் எல்லார் வீட்லயும் இருக்கும், பேதிக்குன்னு யாரும் எதுவும் வாங்கி வைக்கறதில்ல, ராத்திரி ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் மெடிக்கலுக்கு ஓடுறோம்.

எங்க பொண்ணுக்கு ரெண்டு வயசு, போன வெயில்ல அவளுக்கு பேதி வந்தப்போ ஓஆர்எஸ், அதாவது பேதில உடம்பு இழக்கற தண்ணியையும் உப்பையும் திரும்ப குடுக்கறதுக்கு தண்ணில கலந்து குடிக்கற பவுடர், அதுதான் ரொம்ப உதவுச்சு. டபிள்யூஹெச்ஓ (உலக சுகாதார நிறுவனம்) ஃபார்முலான்னு கவர்ல போட்டிருக்கான்னு மட்டும் பாத்து வாங்குங்க. அந்த ஃபார்முலால 1 லிட்டருக்கு மொத்தமே 20.5 கிராம்தான், அதுல குளுக்கோஸ் 13.5, மிச்சம் உப்பு, பொட்டாசியம், சிட்ரேட். குளுக்கோஸ் இனிப்புக்காக போடுறது இல்ல, குடல்ல உப்பும் தண்ணியும் உள்ள போறதுக்கு அதுதான் துணை, அதனாலதான் அளவு கரெக்டா இருக்கணும். சர்க்கரை ஜாஸ்தியானா குடல் தண்ணிய வெளிய இழுத்து பேதி இன்னும் அதிகமாகும்.

இங்கதான் எனக்கு கோவமே. ஒரு மெடிக்கல்ல ஓஆர்எஸ் கேட்டா ஜூஸ் மாதிரி ஒரு டெட்ரா பேக்க எடுத்து குடுத்தாங்க, குழந்தைங்க இதுதான் நல்லா குடிப்பாங்கன்னு வேற சொன்னாங்க. நல்லாத்தான் குடிக்கும், அவ்ளோ சர்க்கரை! ஹைதராபாத் குழந்தைகள் டாக்டர் சிவரஞ்சனி சந்தோஷ் இத எதிர்த்து வருஷக்கணக்கா போராடினாங்க, கடைசியா 2025 அக்டோபர்ல எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவு பாதுகாப்பு ஆணையம்) இந்த மாதிரி பானங்க பேர்ல ஓஆர்எஸ்ங்கற வார்த்தையே வரக்கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. அந்தம்மாவுக்கு கோடி நன்றி.

கலக்கறது ஈஸி. பெரிய பாக்கெட்னா காய்ச்சி ஆறவச்ச தண்ணி முழு 1 லிட்டர், 200 மில்லிக்கு சின்ன பாக்கெட்டும் வருது. பாதி பாக்கெட்ட டம்ளர்ல கண்ணளவுல போடுற வேலை மட்டும் வேண்டாம். கலந்தத 24 மணி நேரத்துக்குள்ள முடிக்கணும், மிச்சத்த கொட்டிடுங்க. ரெண்டு வயசுக்குள்ளன்னா ஒவ்வொரு தடவ போனதுக்கு அப்புறமும் 50லேருந்து 100 மில்லி, அதுக்கு மேலன்னா 100லேருந்து 200. டேஸ்ட் உப்பா இருக்கும், எங்க பொண்ணு முதல் ஸ்பூனுக்கு மூஞ்ச சுளிச்சு வாய இறுக்கி மூடிக்குவா, ஆனா தண்ணி வத்த ஆரம்பிச்ச குழந்தை தாகத்துல தானா குடிக்கும். வாந்தி எடுத்தா 10 நிமிஷம் விட்டுட்டு மறுபடி ஸ்பூன் ஸ்பூனா நிதானமா குடுங்க, மடமடன்னு குடுத்தா அப்படியே திரும்பி வந்துடும். தாய்ப்பால நிறுத்தவே கூடாது, இட்லி, கஞ்சி, தயிர் சாதம் எது சாப்பிடுதோ குடுங்க.

ஆனா ஓஆர்எஸ் இருக்குன்னு டாக்டர்கிட்ட போகாம இருந்துடாதீங்க. மலத்துல ரத்தம், பச்சையா வாந்தி, எது குடுத்தாலும் வெளிய வர்றது, ஆறு எட்டு மணி நேரமா ஒண்ணுக்கு போகல, அழுதா கண்ணீர் இல்ல, கண்ணு குழி விழுந்திருக்கு, எழுப்பினாலும் துவண்டு கிடக்குது, இதுல ஒண்ணு இருந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு கிளம்பிடுங்க. வயித்து தோல லேசா கிள்ளி விட்டு பாருங்க, உடனே சமமாகாம மடிப்பு அப்படியே நின்னுச்சுன்னா ஆபத்து. ஆறு மாசத்துக்குள்ள இருக்கற குழந்தைன்னா இந்த டெஸ்ட் எல்லாம் வேண்டாம், பேதி ஆரம்பிச்சாலே டாக்டர்கிட்ட காட்டிடுங்க. பெரியவங்க "பல்லு முளைக்குது, அதான்", "மாந்தம்"னு சொல்லுவாங்க, அவங்க பாசத்துல சொல்றதுதான், ஆனா அதுக்குள்ள உடம்புல தண்ணி வத்திடும். பேதிய நிறுத்துற மாத்திரைய நீங்களா குடுக்கவே குடுக்காதீங்க.

விலையும் கம்மிதான், எந்த மெடிக்கல்லயும் கிடைக்கும். காசு குடுத்து வாங்க முடியாதவங்க பக்கத்துல இருக்கற ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க, இலவசமா தருவாங்க, கூடவே ஜிங்க் மாத்திரையும் கேட்டு வாங்குங்க. ஆறு மாசத்துக்கு மேல தினம் 20 மில்லிகிராம், அதுக்கு கீழ 10, பேதி நின்னாலும் 14 நாள் முழுசா குடுக்கணும், நிறைய பேர் மூணாவது நாளே விட்டுடறாங்க.