வாரண்டி காரில் கோளாறு: சர்வீஸ் சென்டரா, வெளி மெக்கானிக்கா, நுகர்வோர் ஆணையமா?

வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் முன்பக்கம் ‘டக் டக்’ என்கிறது. நெரிசலில் முதல் கியரில் நகர்த்தினால் வண்டி உதறுகிறது. இந்த நிலையில் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். என் கருத்து இது: வாரண்டி பொருந்தும் வேலை சர்வீஸ் சென்டரிலேயே நடக்கட்டும். என்ன கோளாறு என்று தெரிந்துகொள்ள மட்டும் வெளி மெக்கானிக்கிடம் போகலாம். வழக்கு கடைசி வழிதான், ஆனால் அதற்கான காகிதங்களை முதல் நாளிலிருந்தே சேர்க்க வேண்டும்.

சர்வீஸ் சென்டரின் பலம் தெளிவானது. காசு இல்லை, ஒரிஜினல் பார்ட்ஸ் கிடைக்கும், சாஃப்ட்வேர் அப்டேட்டும் அங்கேதான். வந்து வந்து போகும் கோளாறில்தான் அவர்கள் தடுமாறுவார்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினில் மட்டும் கேட்கும் சத்தம், ஷோரூம் போய்ச் சேர்வதற்குள் அடங்கிவிடும். வண்டியின் கம்ப்யூட்டரில் எரர் கோடு (கோளாறைக் காட்டும் குறியீடு) எதுவும் பதிவாகாவிட்டால், பார்ட் மாற்றும் செலவைக் கம்பெனியிடம் க்ளெய்ம் செய்ய அவர்களுக்கும் தயக்கம். “எல்லா வண்டியும் இப்படித்தான் சார்” என்ற பதில் அங்கிருந்துதான் வருகிறது. இதற்கு வழி, முதல் நாள் மாலையே வண்டியை விட்டுவிடுவது. மறுநாள் காலை டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்காரவைத்து நாமே ஓட்டிக் காட்ட வேண்டும். கவுன்ட்டரில் இருக்கும் அட்வைஸரிடம் எவ்வளவு விளக்கினாலும், ஸ்பேனர் பிடிப்பவர் காதில் அந்தச் சத்தம் விழுந்தால்தான் காரியம் நடக்கும்.

அதைவிட முக்கியம் ஜாப் கார்டு, அதாவது வண்டியை விடும்போது நம் புகாரை எழுதித் தரும் சீட்டு. ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுத விடாதீர்கள். “முதல் கியரில் உதறுகிறது, இரண்டாவது முறை வருகிறேன்” என்று நாம் சொன்ன சொற்களே அதில் ஏற வேண்டும். பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்ன புகார் பிறகு எங்கேயும் நிற்காது.

வெளி மெக்கானிக்கிடம் இருப்பது நேரமும் அனுபவமும். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தே சஸ்பென்ஷனில் தேய்ந்தது லிங்க் ராடா, ஸ்ட்ரட் மவுண்டா என்று சொல்லக்கூடியவர்கள் உண்டு. அந்தப் பெயரோடு சர்வீஸ் சென்டருக்குத் திரும்பினால் பேச்சே மாறிவிடும். ஆனால் வாரண்டிக்குள் இருக்கும் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ அவர் கை திறக்கக் கூடாது. பாகத்தைக் கழற்றி மாட்டிய தடயம் ஒன்று போதும், க்ளெய்மை மறுக்க. ஹாரனுக்கோ லைட்டுக்கோ ஒயரை வெட்டி இணைத்த வண்டிகளில் எலெக்ட்ரிக்கல் வாரண்டி தகராறாவதும் இதே வகைதான். கிளட்ச் பிளேட், பிரேக் பேட் போன்ற தேயும் பொருட்களுக்குப் பொதுவாக வாரண்டி பொருந்தாது. பிரேக் பேட் போன்றவற்றை மாற்ற வெளி ஆளே லாபம்.

டீசல் காரின் டிபிஎஃப் (புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) மட்டும் இரண்டு பேருக்கும் பிடிபடாத சங்கதி. 2020 ஏப்ரல் முதல் வந்த பிஎஸ்6 (புகை கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டிகள் தினமும் ஊருக்குள்ளேயே சிறு தூரம் ஓடினால், வடிகட்டியில் சேரும் கரி எரிய வாய்ப்பில்லாமல் அடைத்துக்கொள்ளும். கோளாறு வண்டியிலா, ஓட்டும் விதத்திலா என்று வாக்குவாதம் முற்றும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் எப்படி ஓட்ட வேண்டும் என்பது கையேட்டிலேயே இருக்கும். அதைப் பின்பற்றியும் விளக்கு அணையாவிட்டால் நம் பக்கம் வலுவாகும்.

ஷோரூமில் சத்தம் போடுவதைவிட, ஜாப் கார்டு எண்களை வரிசையாகக் குறிப்பிட்டு கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு மெயில் அனுப்புவது பலமடங்கு பயன் தரும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் புகார் பதியலாம். நான் பார்த்தவரை பெரும்பாலான சிக்கல்கள் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடுகின்றன.

தீராதபோதுதான் ஆணையம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். கட்டணம் 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். வழக்குக்குக் காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். டீலர், தயாரிப்பாளர் இருவரையுமே எதிர்த்தரப்பாகச் சேர்ப்பது நல்லது. பொருளை ஆய்வுக்கு அனுப்பத் தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் தீர்ப்பு என்கிறது சட்டம். நடப்பில் அதைவிட இழுக்கும்.

இந்த வழியில் புதுக் கார் கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிளட்ச் கோளாறு தொடர்பான மாருதி உத்யோக் வழக்கில், வண்டியையே மாற்றித்தரச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் 2006-இல் ஏற்கவில்லை. பழுதான பாகத்தை மாற்றித்தருவதாகத்தானே வாரண்டி சொல்கிறது என்பதுதான் காரணம். உற்பத்திக் குறைபாடு என்று நிபுணர் அறிக்கை உறுதியாகச் சொன்னால் ஒழிய, பாகம் மாற்றமும் இழப்பீடும்தான் நடைமுறையில் எதிர்பார்க்கக்கூடியவை. அந்த இழப்பீட்டுக்கும் அடிப்படை, ஒரே புகாரோடு திரும்பத் திரும்ப வந்த ஜாப் கார்டுகள்தான்.

இதற்கெல்லாம் முன்பு, சேசிஸ் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டு ரீகால் (குறையுள்ள வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்வது) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இவ்வளவு அலைச்சலே வேண்டாம், இலவசமாகச் சரிசெய்வார்கள்.

நஷ்டத்துக்கு விற்றுவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பிரேக், ஸ்டீயரிங் கோளாறு தீராமலே இருந்தால் அந்த வண்டியில் குடும்பத்தை ஏற்றாதீர்கள். வேறு யார் தலையிலும் மறைத்துக் கட்டவும் வேண்டாம். மற்றக் கோளாறுகளுக்கு, வாரண்டி முடிவதற்குள் எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுத்து வைத்துக்கொண்டு சர்வீஸ் சென்டரோடு மல்லுக்கட்டுவதே விற்பதைவிட மலிவு.