ஐசோபஸ்டர்: மாமாவின் குட்டி டிவிடிகளும் தங்கையின் தில்லானாவும்

பழைய வீட்டு வீடியோ டிவிடிகளைக் கம்பியூட்டரில் மீட்டெடுக்க ஐசோபஸ்டர் என்ற மென்பொருளுக்குக் காசு கட்டலாமா? டிஸ்க் ஃபைனலைஸ் ஆகாமல், அதாவது எடுத்து முடிந்ததும் கமராவில் செய்கிற கடைசி வேலை நடக்காமல் கிடந்தால் கட்டுங்கள். கீறலும் அழுக்கும்தான் பிரச்சினை என்றால் வேண்டாம், அதற்கு இலவசமாகவே நல்ல வழி இருக்கிறது. என் அனுபவத்தில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத கடைக்காரர்கள்தான் அதிகம். கொழும்பு காலி வீதியில் ஒரு கடையில் தம்பி ஒருவர் டிஸ்கைப் போட்ட வேகத்திலேயே வெளியே எடுத்து, "அக்கா, இது வெறும் டிஸ்க். இதில ஒண்டும் இல்லை" என்று என் கையில் தந்தார். அந்த வெறும் டிஸ்கில் அரை மணி நேர வீடியோ இருந்தது.

நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில், கடலுக்கு ஒரு ஒழுங்கை தள்ளி. இங்கே உப்புக்காற்று யன்னல் கம்பியையே விட்டுவைப்பதில்லை, அலுமாரிக்குள் கிடக்கிற டிவிடி எம்மாத்திரம். 2000களின் நடுப்பகுதியில் எங்கள் ஆட்களின் கலியாணம், சாமத்தியவீடு, அரங்கேற்றம் எல்லாம் டிவிடியில்தான் வந்தன. வீடியோக்காரர் படம் ஒட்டிய பெட்டியில் போட்டுத் தருவார், நாங்கள் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சாறிகளுக்கு அடியில் வைத்துவிடுவோம். எங்கள் அலுமாரியிலும் அப்படி ஒரு அடுக்கு. அதில் இரண்டு வகைதான் தலையிடி தந்தது. ஒன்று, ரொறன்ரோவில் இருந்து வந்த மாமா கமராவில் எடுத்துவிட்டு இங்கேயே விட்டுப்போன குட்டி டிவிடிகள். மற்றது, தங்கையின் அரங்கேற்ற டிஸ்க்.

முதலில் குட்டி டிவிடி. 8 சென்றிமீற்றர் அகலம், 1.4 ஜிபி கொள்ளளவு, சாதாரணத் தரத்தில் 30 நிமிடப் படம். கமராவின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து போடுகிற டிஸ்க், அந்தக் காலத்து வெளிநாட்டு மாமாக்களின் கையில் பார்த்திருப்பீர்கள். இந்தக் கமராக்கள் எழுதும் விதத்தில் ஒரு சங்கதி உண்டு. டிஸ்கின் தொடக்கத்தில் கொஞ்ச இடத்தை வெறுமையாக விட்டு, அதற்குப் பிறகுதான் படத்தை எழுதிக்கொண்டு போகும். எந்தக் காட்சி எங்கே தொடங்குகிறது, கோப்புகளின் பெயர் என்ன என்ற விபரமெல்லாம் அந்த வெற்றிடத்துக்குள், கடைசியில் கமராவில் ஃபைனலைஸ் அழுத்தும்போதுதான் போய் உட்காரும். மாமா அதை அழுத்தவே இல்லை. கம்பியூட்டர் தொடக்கத்தைத்தான் பார்க்கும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் டிஸ்கே வெறுமை என்று முடிவு கட்டிவிடும். டிஸ்கைத் திருப்பிப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள்: எழுதிய பகுதி ஒரு நிறமாகவும் எழுதாத பகுதி இன்னொரு நிறமாகவும், இடையில் ஒரு வட்டக்கோடாகத் தெரியும். அந்தக் கோடு இருந்தால், "ஒண்டும் இல்லை" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

உண்மையில் முதல் வைத்தியம் மென்பொருள் இல்லை, கமராதான். படம் எடுத்த கமரா வேலை செய்தால் பற்றரியை நம்பாமல் சுவரில் செருகி, ஃபைனலைஸ் அழுத்திவிட்டு அது முடியும் வரை தொடாமல் இருந்தால் போதும். மாமாவிடம் வட்ஸ்அப்பில் கேட்டேன். "அதை எப்பவோ எறிஞ்சிட்டன் பிள்ளை, வீடியோவை நீங்கள் அப்பவே கொப்பி பண்ணியிருப்பியள் எண்டெல்லோ நினைச்சனான்" என்றார். சரி, அந்த வழி அடைபட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இப்படியான டிஸ்கைப் போட்டதும் விண்டோஸ் ஒரு சின்னப் பெட்டியை நீட்டும்: இந்த டிஸ்கை எப்படிப் பாவிக்கப் போகிறீர்கள், யூஎஸ்பி பிளாஷ் டிரைவாகவா, டிவிடி பிளேயரில் போடுவதற்கா? இரண்டுமே வேண்டாம், மூடிவிடுங்கள். டிஸ்க் வெறுமை என்று நினைத்து, அதில் புதிதாக எழுதத்தான் அது அனுமதி கேட்கிறது. அழித்து எழுதக்கூடிய டிவிடி-ஆர்டபிள்யூ என்றால் உள்ளே இருப்பது போய்விடும்.

இனி ஐசோபஸ்டர். பெல்ஜியத்தில் இருந்து வரும் மென்பொருள், விண்டோஸில் மட்டும் ஓடும். தோற்றம் சத்தியமாக விண்டோஸ் எக்ஸ்பி காலத்தது. இடப்பக்கம் மரம்மாதிரிக் கிளைகள், வலப்பக்கம் கோப்புகள், திரும்பின பக்கமெல்லாம் விளங்காத சுருக்கெழுத்துகள். கணக்குப் பகுதியில் இத்தனை வருடம் வேலை செய்யும் எனக்கே முதலில் பார்த்ததும் மூடிவிடத்தான் மனம் வந்தது. ஆனால் இது மற்ற மென்பொருள்கள்போலக் கோப்பு அட்டவணையைக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. டிஸ்கில் எந்தெந்தத் துண்டு எழுதப்பட்டிருக்கிறது என்பதை டிரைவிடம் நேரே கேட்டு, ஒவ்வொரு துண்டையும் வாசித்து, உள்ளே வீடியோ கிடந்தால் அதைக் கோப்பாகக் காட்டும். அப்படியும் பிடிபடாவிட்டால் தொலைந்த கோப்புகளைத் தேடும் கட்டளை ஒன்று இருக்கிறது. அது டிஸ்கை முதலில் இருந்து கடைசி வரை அலசும். ஆறுதலாகத்தான் நடக்கும், அவசரப்பட்டு நிறுத்தக்கூடாது.

மாமாவின் டிஸ்கில் அவர் கமராவை நிறுத்தி நிறுத்தி எடுத்த காட்சிகள் வரிசையாக வந்து விழுந்தன. ஒன்றைச் சேமித்து வீஎல்சி பிளேயரில் போட்டேன். எங்கள் பழைய வீட்டு விறாந்தை. அப்பா கதிரையில் இருந்து பேப்பர் வாசிக்கிறார். கமரா கிட்டப் போகப்போக, தலையை நிமிர்த்தாமலே, "வெளிச்சத்தை மறைக்காதை, தள்ளி நில்" என்கிறார். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அப்பாவை விட்டுவிட்டு, பின்னால் கொடியில் காய்கிற சாறியைப் பார்த்து, "உது என்ர பச்சைச் சாறியெல்லோ, ஆர் எடுத்தது?" என்றார்.

காசு விடயத்தில் ஐசோபஸ்டர்காரரின் ஒழுங்கு எனக்குப் பிடித்தது. காசு கட்டாமலே இறக்கி, உங்கள் டிஸ்கில் என்ன கிடைக்கும் என்று பார்த்துவிடலாம். வெளியே எடுத்துச் சேமிக்கும்போதுதான் உரிமம் கேட்கும். டொலர் கணக்கு என்பதால் இங்கத்தைய விலைக்கு மாற்றிப் பார்த்தால் கையைக் கடிக்கத்தான் செய்யும். ஒரு குடும்பத்தில் ஒருவர் வாங்கி, சொந்தக்காரரின் டிஸ்குகளை எல்லாம் அவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது நடைமுறைக்குச் சரிவரும். எங்கள் குடும்பத்தில் அந்த ஒருவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

மென்பொருளைவிட டிரைவ் முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். இப்போதைய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் டிவிடி டிரைவே கிடையாது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் யூஎஸ்பியில் செருகும் மெல்லிய டிரைவ் இன்னும் கிடைக்கிறது, அதில் ஒன்று வாங்கினேன். வாங்கும்போது தட்டை வெளியே இழுத்து, நடுவில் டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். வாய்மாதிரி வெட்டு மட்டும் வைத்து டிஸ்கை உள்ளே இழுத்துக்கொள்ளும் வகை இருக்கிறதே, அதில் குட்டி டிவிடியைப் போட்டால் போனது போனதுதான். மெல்லிய டிரைவுக்கு வேண்டிய மின்சாரம் முழுக்க யூஎஸ்பி வயர் வழியாகத்தான் வர வேண்டும். நாலு சாமான் தொங்குகிற ஹப்பில் செருகினால் சுழலத் தொடங்கி மூச்சுவிட்டு நின்றுவிடும். அதைப் பார்த்து டிஸ்க் பழுது என்று நினைக்காமல் கம்பியூட்டரில் நேரே செருகிப் பாருங்கள்.

அடுத்தது அரங்கேற்றம். சரஸ்வதி மண்டபத்தில் நடந்தது, இரண்டு டிஸ்க். முதலாவது நன்றாக ஓடியது. இரண்டாவது வர்ணம் முடிந்து பதம் வரை வந்து, தில்லானா தொடங்கிய கையோடு உறைந்தது. இதற்குக் காரணம் இருக்கிறது. டிவிடியில் எழுத்து நடுவில் தொடங்கி வெளி ஓரத்தை நோக்கிப் போகும். நாங்கள் பிடிப்பது ஓரத்தை, விரல் எண்ணெய் படுவது ஓரத்தில், ஒட்டிய இரண்டு தகடுகளுக்கு நடுவே ஈரம் நுழைவதும் ஓரத்தால்தான். ஆகவே நிறைந்த டிஸ்க் பழுதானால் பெரும்பாலும் முடிவுப் பகுதிதான் அடிபடும். அரங்கேற்றத்தில் முடிவு என்றால் தில்லானாவும் மங்களமும். தங்கைக்கோ அந்தத் தில்லானாதான் வேண்டும். லண்டனில் இருந்துகொண்டு, "அக்கா, மிச்சம் இல்லாட்டியும் பரவாயில்லை" என்று தினமும் ஒரு மெசேஜ்.

இந்த டிஸ்க் ஃபைனலைஸ் ஆனது, கோப்புகள் எல்லாம் பெயரோடு தெரிகின்றன, வாசிக்கத்தான் முடியவில்லை. இந்த இடத்தில் ஐசோபஸ்டருக்கு வேலை இல்லை என்று சொல்லமாட்டேன், அதாலும் முடியும். ஆனால் டிடிரெஸ்கியூ என்ற இலவசக் கருவி எனக்குத் திருப்தியாக இருந்தது. விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸில் ஓடுவது, கறுப்புத் திரையில் கட்டளை தட்ட வேண்டும். மொறட்டுவையில் படிக்கும் மருமகன் பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் போட்டுத் தந்து, டிவிடிக்கு செக்டர் என்கிற ஆகச்சிறிய துண்டின் அளவு 2048 பைட் என்று மறக்காமல் கொடுக்கச் சொன்னான். அது முதலில் லேசாக வாசிக்கக்கூடிய இடங்களை எல்லாம் அள்ளிவிடும், கஷ்டமான இடங்களைத் தாண்டிப்போய்க் குறித்து வைக்கும், பிறகு திரும்பி வந்து அவற்றைச் சுரண்டும். விண்டோஸில் இழுத்துப் போட்டுக் கொப்பி பண்ணினால் முதல் பழுதிலேயே மூச்சு நின்றுவிடும். குறிப்பு எல்லாம் ஒரு சின்னக் கோப்பில் இருப்பதால், இடையில் கரண்ட் போனாலும் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். அதே குறிப்புக் கோப்பை வைத்துக்கொண்டு டிரைவையும் மாற்றலாம். மெல்லிய டிரைவ் கைவிட்ட இடங்களில் பலதை, மருமகன் பழைய மேசைக் கம்பியூட்டரில் கழற்றிய பெரிய டிரைவ் வாசித்தது. ஒரு டிரைவின் கண்ணுக்குத் தெரியாதது இன்னொன்றுக்குத் தெரியும், இது அடிக்கடி நடப்பது.

இரவிரவாக ஓடிய பிறகும் சில இடங்கள் வரவே இல்லை. டிவிடியில் பிழை திருத்தும் கணக்கு இப்படியான 16 செக்டர்களுக்குச் சேர்த்து ஒன்றாகப் போடப்படுகிறது. ஆகவே ஓரிடம் மீளாவிட்டால் 32 கிலோபைட் சேர்ந்து போகும். கேட்கப் பெரிதாக இருந்தாலும், விநாடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஓடும் வீடியோவில் அது விநாடியின் இருபதில் ஒரு பங்கு. எங்கள் நாட்டு டிவிகளின் பால் (PAL) முறை வீடியோவில் ஆகக்கூடியது 15 பிரேமுக்கு ஒரு முறை முழுப் படம் புதிதாக வருவதால், அதுவரை சதுரம் சதுரமாகக் கலங்கிவிட்டுத் தெளிந்துவிடும். தில்லானாவில் தீர்மானம் என்கிற தாள முடிப்பு ஒன்றின் நடுவில் தங்கையின் முகம் சிதறி உடனே கூடுகிறது. மிருதங்கம் ஒரு தட்டுத் தவறுகிறது. அவ்வளவுதான் நட்டம்.

துடைப்பதைப் பற்றி ஒரு சொல்: நடுவில் இருந்து ஓரத்துக்கு நேராக, மெல்லிய பருத்தித் துணியால். வட்டமாகத் துடைக்கக்கூடாது. வீடியோக்காரர் மேலே ஒட்டிய படத்தாளை உரிக்க வேண்டாம், தகடுகளின் ஒட்டும் சேர்ந்து போகலாம். பற்பசை வைத்தியம் சொல்கிறவர்களை நான் வீட்டுக்குள் விடுவதில்லை.

மீட்ட பிறகு மிச்ச வேலை லேசு. டிடிரெஸ்கியூ தரும் ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது டிஸ்கின் முழு நகலை, இரட்டைச் சொடுக்கில் விண்டோஸே திறக்கும். எந்தக் காட்சி எங்கே என்ற விபரம் இருக்கிற ஐஎஃப்ஓ கோப்பு பழுதென்றால் அதே பெயரில் பியூபி என்று ஒரு நகல் பக்கத்திலேயே இருக்கும், கோப்புகளைக் கம்பியூட்டருக்குக் கொப்பி பண்ணிவிட்டுப் பெயரை மாற்றிப் போட்டால் சரி. மேக்எம்கேவி என்ற மென்பொருள் தரம் குறையாமல் ஒரே கோப்பாக்கித் தரும். வட்ஸ்அப்புக்குச் சுருக்க ஹான்ட்பிரேக் என்ற மென்பொருள் போதும், ஆனால் கோடு விட்டுக் கோடாகப் பதிந்த படத்தைச் சீராக்கும் டீஇன்டர்லேஸ் தெரிவு போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் வேகமாக அசையும் கைமுத்திரைகள் எல்லாம் கோடு கோடாகக் கிழிந்து தெரியும்.

மாமாவின் டிஸ்குகளில் ஒன்று டிவிடி-ஆர்டபிள்யூ. நல்லூர்த் தேர் அதில்தான் இருக்க வேண்டும் என்று அம்மா சொல்கிறார். ஐசோபஸ்டர் அதை முழுக்க அலசிவிட்டு, மாமா பிறகு அதன்மேல் எடுத்த ஒரு பிறந்தநாள் விழாவை மட்டும் காட்டியது, யாருடைய பிறந்தநாள் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. மேலே வேறொன்றை எழுதிவிட்டால் முதலில் இருந்ததை எந்த மென்பொருளும் கொண்டுவராது. அதற்காக மட்டும் வாங்கியிருந்தால் காசு கரிதான், இலவசப் பதிப்பில் பார்த்ததால் அது முன்பே தெரிந்தது.