ஸ்பார்க்கில் ஐந்து ஆண்டுகளாக ஜாயின் எழுதியதில் தெரிந்துகொண்டவை

பெருந்தரவைப் பல கணினிகளில் பிரித்துச் செயலாக்கும் மென்பொருளான அப்பாச்சி ஸ்பார்க்கின் 3.0 பதிப்பு வெளிவந்தது 2020-ல். அந்த ஆண்டிலிருந்தே எங்கள் பைப்லைன் (தரவைத் திரட்டிச் சேர்க்கும் தானியங்கித் தொடர்வேலை) ஸ்பார்க்கில்தான் ஓடுகிறது. ஆர்டர், வாடிக்கையாளர், பணம் செலுத்திய விவரம், பொருள் பட்டியல் என நான்கு இடங்களிலிருந்து வரும் தரவை இரவோடு இரவாகச் சேர்த்து ஒரே டேபிளாகத் தர வேண்டும். இரண்டு டேபிள்களை, இரண்டிலும் பொதுவாக உள்ள ஆர்டர் எண் போன்ற ஒரு கீயை வைத்து இணைப்பதுதான் ஜாயின். மெதுவாக ஓடும் ஜாயினை எப்படியாவது சரிசெய்துவிடலாம். சீக்கிரம் முடிந்து, பச்சை விளக்கும் காட்டி, தப்பான விடையைத் தரும் ஜாயின்தான் என்னை அதிகம் அலைக்கழித்தது.

ஒரு முறை மாத மொத்த விற்பனை இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாக இருப்பதாகக் கணக்குப் பிரிவிலிருந்து கேட்டார்கள். ஜாப் (இரவில் ஓடும் வேலை) எதுவும் தோற்கவில்லை. ஒரே ஒரு ஆர்டரை எடுத்து வைத்துப் பார்த்தேன். தொகை 1,200. அதை வாங்கியவர் 700, 500 என்று இரண்டு தவணையாகக் கட்டியிருந்தார். பணம் செலுத்திய டேபிளில் அந்த ஆர்டர் எண் இரண்டு வரிகளில் இருந்ததால், ஜாயினுக்குப் பிறகு ஆர்டரும் இரண்டு வரியாகி, இரண்டிலும் 1,200 என்றே நின்றது. கூட்டினால் 2,400. பணம் கட்டிய விவரத்தை ஆர்டர் எண் வாரியாக முதலில் கூட்டிவிட்டு அப்புறம் ஜாயின் செய்ததும் கணக்கு நேரானது.

அன்றிலிருந்து, ஒரு கீக்கு வலப்பக்கம், அதாவது இணைக்கப்படும் இரண்டாவது டேபிளில், எத்தனை வரி இருக்கலாம் என்பதை எழுதி வைக்காமல் நான் எந்த ஜாயினையும் தொடுவதில்லை. பைத்தானில் தரவைக் கையாளும் நூலகமான பாண்டாஸில், ஜாயின் செய்யும் மெர்ஜில் 'வேலிடேட்' என்று ஒரு அளவுரு உண்டு. ஒன்றுக்கு ஒன்றா, பலவற்றுக்கு ஒன்றா என்று சொல்லிவிட்டால், மீறும்போது பிழை காட்டி நிறுத்திவிடும். ஸ்பார்க்கின் ஜாயினில் அப்படி எதுவும் இல்லை. நானே ஒரு சின்னச் செயற்கூறு எழுதிக்கொண்டேன்: வலப்பக்கக் கீ இரண்டு முறை வந்தால் ஜாப் அங்கேயே நிற்கும். இதற்கு இரவில் சில நிமிடங்கள் கூடுதலாகப் போகின்றன. போகட்டும்.

அடுத்த தொல்லை, காலியாக இருக்கும் கீ. கணக்குத் தொடங்காமல் வாங்குபவர்களின் ஆர்டரில் வாடிக்கையாளர் எண் இருக்காது. லெஃப்ட் ஜாயினில் (இடப்பக்க வரிகளை, பொருந்தாவிட்டாலும் விடாமல் வைத்திருக்கும் வகை) அந்த வரிகள் அத்தனையும் ஒரே பார்ட்டிஷனில், அதாவது தரவின் ஒரே துண்டில், போய் விழும். ஷஃபிளில், அதாவது தரவைக் கீ வாரியாக மறுபங்கீடு செய்யும்போது, பார்ட்டிஷன் இயல்பாக 200; ஒவ்வொன்றுக்கும் ஒரு டாஸ்க். அதில் 199 டாஸ்க் முடிந்து, கடைசி ஒன்று மட்டும் நகராமல் நிற்பதைத் திரையில் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த இரவுகள் உண்டு. காலிக் கீ வரிகளைத் தனியே பிரித்து, மற்றவற்றை மட்டும் ஜாயின் செய்து, கடைசியில் ஒட்டினால் தீர்ந்தது. ஸ்பார்க் 3.2-லிருந்து, ஓடும்போதே திட்டத்தைத் திருத்தும் வசதி இயல்பாகவே இயங்குகிறது. அளவுக்கு மீறிப் பெருத்த பார்ட்டிஷனை அதுவே உடைத்துவிடும். நல்ல வசதிதான், ஆனாலும் நான் பிரித்து எழுதுவதை விடவில்லை. இன்னொன்று: காலிக் கீயும் காலிக் கீயும் ஸ்பார்க்கில் பொருந்தாது, பாண்டாஸில் பொருந்தும். மாதிரித் தரவை பாண்டாஸில் சோதித்துவிட்டு அப்படியே ஸ்பார்க்குக்கு மாற்றுபவர்கள் இதைக் கவனியுங்கள்.

சின்ன டேபிளை எல்லாக் கணினிகளுக்கும் நகலெடுத்து அனுப்பிச் செய்யும் பிராட்காஸ்ட் ஜாயின் பற்றிக் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. பொருள் பட்டியல் போன்ற சின்ன டேபிளுக்கு அதைவிட நல்லது கிடையாது. இயல்பான எல்லை 10 எம்பி. ஆசைப்பட்டு அதை 500-க்கு ஏற்றியபோது வேலையை ஒருங்கிணைக்கும் டிரைவர் நிரல் நினைவகம் போதாமல் விழுந்தது. வட்டில் சுருங்கிக் கிடக்கும் பார்க்கே வகைக் கோப்பு, நினைவகத்தில் விரியும்போது பல மடங்காகலாம். லெஃப்ட் ஜாயினில் வலப்பக்க டேபிளைத்தான் பிராட்காஸ்ட் செய்ய முடியும் என்பதும் நினைவிருக்கட்டும்.

லெஃப்ட் ஜாயின் எழுதிவிட்டு, வலப்பக்க நெடுவரிசைக்கான நிபந்தனையை வேர் (WHERE) பகுதியில் போடுவதும் அடிக்கடி நடக்கிறது. 'பணம் வந்தது' என்று அங்கே வடிகட்டினால், பணம் வராத ஆர்டர்கள் காணாமல் போய் அது, பொருந்தும் வரிகளை மட்டும் தரும் இன்னர் ஜாயினாகிவிடும். ஜாயின் நிபந்தனை எழுதும் ஆன் (ON) பகுதியில் போடுங்கள், சரியாகிவிடும்.

சென்ற ஆண்டு 4.0-க்கு மாறினோம். அதில் ஆன்சி முறை (மாற்ற முடியாத மதிப்பைக் காலியாக்காமல் பிழை காட்டி நிறுத்தும் கறாரான முறை) இயல்பாகவே இயங்குகிறது. முதல் இரவே ஜாப் பிழையோடு நின்றது. ஆர்டர் பக்கம் வாடிக்கையாளர் எண் எழுத்துச் சரமாக வருகிறது, வாடிக்கையாளர் டேபிளில் அது முழு எண். ஒப்பிடும்போது ஸ்பார்க் சரத்தை எண்ணாக மாற்றும். '00417' சரியாக 417 ஆகிவிடும். 'ஏ417' எண்ணாக மாறாது. முன்பெல்லாம் அது காலியாகி, அந்த ஆர்டர் வாடிக்கையாளர் பெயரே இல்லாமல் அறிக்கைக்குப் போயிருக்கிறது. எத்தனை மாதமாக என்று பழைய தரவைத் தோண்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆன்சி முறையை அணைத்துவிட்டால் ஜாப் ஓடும் என்றார்கள். அணைக்கவில்லை. இரண்டு பக்கமும் கீயைச் சரமாக்கி, முன் பூச்சியங்களை நீக்கி, எண்ணல்லாத கீ உள்ள வரிகளைத் தனி டேபிளில் ஒதுக்கி வைத்தேன். இப்போது காலையில் முதலில் திறந்து பார்ப்பது அந்த டேபிளைத்தான்.