நைல் பயணம்: பெருங்கப்பலா, தஹபியாவா?

எகிப்தில் லக்சருக்கும் அஸ்வானுக்கும் இடையே நைலில் செல்வோர் பெரும்பாலும் பல அடுக்குச் சொகுசுக் கப்பலையே நாடுகிறார்கள்; கட்டணம் குறைவு, எட்ஃபூ, கோம் ஓம்போ கோயில்களையும் மூன்று நான்கு இரவுகளில் பார்த்துவிடலாம். ஆனால் கப்பல்கள் பல ஒருசேர வந்தடைவதால், எட்ஃபூவில் பருந்து வடிவக் கடவுள் ஹோரஸின் கருங்கல் சிலையை நெரிசலுக்கு நடுவில்தான் காண நேரும்.

தஹபியா என்னும் பாய்மரப் படகில் பயணிகள் சிலரே. கட்டணம் கூடுதல், காற்று ஓய்ந்தால் இழுவைப் படகின் துணையும் வேண்டும். எனினும், பெருங்கப்பல்கள் பொதுவாக நிற்காத எல் காப் என்னும் பழைய ஊரில் அது கரையணைவது ஒன்றே என்னை அதன் பக்கம் சாய்க்கிறது. அங்கே குன்றில் குடைந்த கல்லறையொன்றில், எபானாவின் மகன் அஹ்மோஸ் என்ற கப்பற்படை வீரர் எகிப்தின் வடபகுதியை அன்று ஆண்ட அயலவரான ஹிக்சோஸ்களை எதிர்த்துப் போரிட்ட தம் வரலாற்றைச் சுவரில் செதுக்க வைத்திருப்பதை, எழுத்தெழுத்தாக நின்று பார்க்கலாம். அடுத்து வரும் கெபல் எல் சில்சிலாவில், கோயில்களுக்கு மணற்கல் வெட்டியவர்களின் உளித்தடங்கள் பாறையில் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன.